கை செட் ஆயிடுச்சு

பேருந்து இருக்கைகளின் வரைபடம் ஒன்றை நான்தான் வரைந்தேன். நான்தான் பசை தடவி, தொழிற்சாலையின் குடிநீர்க் குழாய்க்கு மேலிருந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஊழியர்களை ஏற்றிக்கொண்டு பொன்னேரி வழியாகப் போகும் தொழிற்சாலைப் பேருந்து அது. முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு, இரண்டுக்கும் நடுவில் வேலி போல மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வரிசை. அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள் ஒன்றுகூட வளையவில்லை. ஒட்டி முடித்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து அழகு பார்த்தேன். அந்தப் பசையின் புளித்த வாடை இன்றும் எதிர்பாராத வேளைகளில் மூக்கில் ஏறுகிறது. சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துபோன நாட்களும் உண்டு. பிறர் மேல் வரும் அருவருப்பைத் துடைத்துக்கொள்ளலாம், இது அப்படிப்பட்டதல்ல.

நான் உளவியல் படித்தவள். திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில், ஒரு கையில் மேல்கம்பியையும் மறு கையில் பாடப் புத்தகத்தையும் பிடித்தபடி அஞ்சல் வழியில் முதுகலைப் பட்டம் பெற்றேன். ஈர்ப்பைப் பற்றிய பாடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்று அது சொல்லியது. பக்கத்தில் இருப்பதே பாதிக் காரணம். அடிக்கடி பார்த்த முகம் மெல்ல நல்ல முகமாகிவிடும். தன்னைப் போன்றவரையும் தன்னை விரும்புகிறவரையும் மனம் எளிதில் ஏற்றுக்கொள்ளும். பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால், அந்த அடிப்பை மனம் அவர் கணக்கில் எழுதிவிடும். நடுக்கத்திற்கு விருப்பம் என்று பெயர் வைத்துவிடும்.

இந்தப் பாடத்தை நான் நேசித்ததற்குச் சொந்தக் காரணம் இருந்தது. என் திருமணம் பெற்றோர் பார்த்து முடித்தது. திருவள்ளூர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருக்கும் என் கணவரும் நானும் மணவாள நகரில் ஒரு சிறு வீட்டில், முதல் சில மாதங்கள், ஒரே அறையில் காத்திருக்கும் இரண்டு பயணிகளைப் போலத்தான் இருந்தோம். பிறகு ஒருநாள், அவர் சட்டையைக் கொடியில் போடும் விதம் எனக்குப் பிடித்திருப்பதைக் கவனித்தேன். தோள்பட்டைகளை நீவி, காலரை நிமிர்த்தி, யாரோ உள்ளே இருப்பதுபோல மரியாதையாகப் போடுவார். அத்தனை நாள் பார்த்துப் பார்த்தே வந்த விருப்பம் அது. அதைக் குறைந்த விருப்பம் என்று புத்தகம் சொல்லவில்லை. என் வாழ்க்கையை அவமதிக்காத பாடம் என்பதால் அதன்மேல் எனக்கு நன்றி இருந்தது. ஒரு பெண்ணுக்கு எதிராக நான் எடுத்துப் பயன்படுத்தியது இந்த நன்றியைத்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் நல அலுவலராக இருந்தேன். கேன்டீனை ஒட்டிய அறை எனக்கு. ஒரு சுவர் வழியாகச் சாம்பார் வாசனையும் மறு சுவர் வழியாக உருகிய பிளாஸ்டிக்கின் நெடியும் வரும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதிலிருந்து, விடுதியில் தண்ணீர் வரவில்லை என்பது வரை பெண்கள் என்னிடம் சொல்வார்கள். கேட்டு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. பொறுமையாகக் கேட்பவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுதும்போது இப்போது கூசுகிறது.

அந்தத் தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் ஆதாரமான சொல் ஒன்று உண்டு: செட். இரும்பு அச்சைக் கிரேனில் தூக்கி இயந்திரத்துக்குள் இறக்கி, இறுக்கி, சூட்டையும் அழுத்தத்தையும் எண் எண்ணாகத் திருத்திச் சரி செய்கிறவர் செட்டர். அச்சை மாற்றியதும் வரும் முதல் பத்து இருபது பாகங்கள் கோணலாகவோ குறையாகவோ விழும், அவை குப்பை. குறையில்லாத ஒன்று விழுந்ததும் செட்டர் இயந்திரத்தின் கதவைத் தட்டி, "செட் ஆயிடுச்சு" என்பார். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இயந்திரத்தின் வேகத்தோடு கை ஒத்துப்போய்விட்டால், "கை செட் ஆயிடுச்சு" என்பார்கள். அது அங்கே ஒரு நற்சான்று. கை என்ற சொல் இல்லாமல் ஆளைப் பற்றிச் சொன்னால் பொருள் வேறு. ஊரெல்லாம் அறிந்த பொருள்தான்: இன்னாருக்கும் இன்னாருக்கும் காதல்.

ஏழாம் இயந்திரத்தில் நின்ற பெண் பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவள். இருபத்திரண்டு வயது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: செட்டர் ஆவது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு பெண்கூடச் செட்டராக இருந்ததில்லை. பெண்கள் கதவைத் திறப்பார்கள், பாகத்தை எடுப்பார்கள், ஓரத்தைச் சீவுவார்கள், தட்டில் அடுக்குவார்கள். அச்சைத் தொடுவது ஆண்களின் வேலை. அதைத் தொட அவள் ஆசைப்பட்டாள். அவளைவிட மூன்று நான்கு வயதே மூத்த ஒரு செட்டர், அச்சு மாற்றும் நேரங்களில் அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கவரைப்பேட்டைப் பக்கம் சொந்த நிலத்தில் நெல் பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை அவர். மற்ற எல்லோரையும் போல அவளும் அவரை அண்ணா என்றுதான் அழைத்தாள். இதையெல்லாம் நான் பின்னால் அறிந்தேன். கேட்டிருந்தால் முன்னாலேயே அறிந்திருப்பேன்.

நான் அறிந்திருந்தவை வேறு. பொன்னேரி வழிப் பேருந்தில் அவள் பெண்கள் வரிசையின் கடைசி இருக்கையிலும் அவர் ஆண்கள் வரிசையின் முதல் இருக்கையிலும் உட்காருவதை அறிந்திருந்தேன். ஒரு முறை கிடங்கில் சொல்லிவைத்துச் சிறிய அளவுக் கையுறை ஒரு ஜோடியை அவர் வரவழைத்து அவளிடம் கொடுத்ததையும் அறிந்திருந்தேன். ஆண்களின் கையுறை அவள் விரல்களில் நிற்காமல் நழுவியிருக்கிறது. அந்தச் சிறு கையுறைகளைப் பார்த்தபோது என் மனம் நெகிழ்ந்தது. இப்படித்தான் தொடங்கும் என்று புன்னகையோடு எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் புன்னகையின் சுவை வாயில் இன்னும் இருக்கிறது. கெட்டுப்போன பாலின் சுவை.

ஒருநாள் பகல் ஷிப்டில், செட்டர்களும் மேற்பார்வையாளர்களும் மேலாளரும் நானும் இருந்த கைபேசிக் குழுவில் அந்தச் செட்டர் ஒரு வரி அனுப்பினார்: "ஏழாம் மெஷின் பொண்ணு செட் ஆயிடுச்சு." அவ்வளவுதான். பிறகு இதயங்களும் பூக்களும் கண்ணடிக்கும் முகங்களும் திரை நிறைய விழுந்தன. அவர் அடுத்து ஏதோ எழுதி அழித்தார். பிறகு அந்த வரியையே அழித்துவிட்டார். அழித்தது அவர்களுக்கு ஒப்புதல் வாக்குமூலம் ஆனது. எனக்கும்தான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மேலாளர் டீயில் பிஸ்கட்டை நனைத்தபடியே பேச்சைத் தொடங்கினார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். யாரையும் கடிந்து பேசமாட்டார். எந்த மெஷினில் எந்த அச்சு செட் ஆகிறதோ இல்லையோ, ஆட்கள் நன்றாகச் செட் ஆகிறார்கள் என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இப்போது காது கொடுத்து மீண்டும் கேட்கிறேன். பெண்களும் ஆண்களும் நெருக்கமாக நின்று வேலை செய்யும் இடத்தில், அந்த நெருக்கத்தை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஊறும் எச்சில் அது. ஒருவர் அவளுடைய குப்பத்தைச் சொன்னார். இன்னொருவர் செட்டருடைய வீட்டு நிலத்தைச் சொன்னார். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு பெருமூச்சு விட்டார்கள். நனைந்த பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அதை மேலாளர் விரலால் எடுத்துத் தின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். இது ஏன் இப்படி ஆகிறது, எப்படித் தடுப்பது என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள், நீங்கள் படித்தவர் ஆயிற்றே என்றார்.

நான் எழுதினேன். இதுதான் என்னால் விழுங்க முடியாதது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. பல ஆண்டுகளாகத் தாழ்ப்பாளையும் தண்ணீர்த் தொட்டியையும் பற்றியே எழுதிக்கொண்டிருந்த எனக்கு, முதன்முதலாக நான் படித்ததை ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு மாலைகள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். அருகாமை, பழக்கம், ஒற்றுமை, பரிவுக்குப் பரிவு என்று ஒவ்வொன்றையும் விளக்கினேன். சூடான அச்சுக்கும் தொங்கும் இரும்புக்கும் நடுவே இருவர் நிற்கும்போது ஏற்படும் படபடப்பு எப்படி விருப்பமாக உருமாறும் என்பதை எழுதிய பத்தி எனக்கே பிடித்திருந்தது. வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகவே வந்தன. பெயர் குறிப்பிடவில்லை, "ஏழாம் இயந்திரத்தில் நிகழ்ந்தது போல" என்று மட்டும் எழுதினேன். அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். முடிவில் பரிந்துரைகள்: பேருந்து இருக்கைகளை மாற்றலாம், ஷிப்டுகளைப் பிரிக்கலாம், தேவையானால் குடும்பத்தினரிடம் மென்மையாக எடுத்துச் சொல்லலாம். மென்மையாக என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன்.

கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். நீதிமன்றத்துத் தாள்களைப் படிப்பது போலவே விரலை வரியில் வைத்து, கடைசிவரை படித்தார். மடித்து என்னிடம் தந்தார்.

"அந்தப் பொண்ணாண்ட கேட்டியா?" என்றார்.

கேட்டால் எந்தப் பெண் ஒத்துக்கொள்வாள் என்றேன்.

"ஒத்துக்கறத உடு. இன்னா விஷயம்னு கேட்டியான்றேன். எங்க கோர்ட்ல கூட ரெண்டு பக்கமும் கூப்ட்டு கேக்கறாங்க. உங்க கம்பெனில அதுவும் கெடையாதா?"

எனக்குக் கோபம் வந்தது. எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்து போய்க் கொடியில் கிடந்த சட்டையைச் சரி செய்தார்.

பலகையில் நான் ஒட்டிய வரைபடம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை. நாற்பது பேர் இடம் மாறினாலும் எந்த இருவருக்காக மாறினார்கள் என்பதைத் தண்ணீர் குடிக்க வந்த எல்லோரும் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்கள். அன்று மாலை அவள் பேருந்தில் ஏறியபோது பின்பாதியிலிருந்து ஒருவன் இருமினான், அடுத்து இன்னொருவன், பொன்னேரி வரும்வரை மாறிமாறி இருமிக்கொண்டே வந்தார்களாம். முன்பாதியில் இருந்த பெண்கள் அதற்குச் சிரித்தார்கள் என்று, சிரித்த பெண்களில் ஒருத்தியே என்னிடம் சொன்னாள். செட்டரை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் அலுவலகத்திலிருந்து யாரோ அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். எவ்வளவு மென்மையாகப் பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அவளுடைய அண்ணன் வந்தான். கடலுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தான். கால் நகங்களில் மணல் ஒட்டியிருந்தது. வாயிற்காவலர் அவனை உட்காரச் சொல்லவில்லை. என் அறையில்தான் பேச்சு நடந்தது. நான், மேலாளர், அவன், சுவரோரம் அவள். அவன் சத்தம் போடுவான் என்று நினைத்து மேலாளர் காவலரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். அவன் தாழ்ந்த குரலில்தான் பேசினான்.

"வேலை கத்துக்கும்னு அனுப்சோம் சார். செட்டாவறதுக்கு அனுப்பல."

அந்தச் சொல் குப்பம் வரை போய்விட்டது என்று எனக்கு அப்போது புரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். மேலாளரையோ அண்ணனையோ பார்க்கவில்லை. "அவர நான் அண்ணான்னுதான் கூப்புடறேன் மேடம். மெஷின் கத்துக்கினு இருந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

மேலாளர் அன்பாகச் சிரித்தார். "எல்லாம் அண்ணான்னுதாம்மா ஆரம்பிக்கும்."

ஓர் உறவுச் சொல்லை எடுத்துத் திருப்பிப் போட்டு, அதன் அடிப்பக்கத்தில் அழுக்கு இருக்கிறது என்று காட்டினார் அவர். அவளுடைய மறுப்பும் ஓர் அறிகுறிதான் என்று என் படிப்பு உள்ளே முணுமுணுத்தது. அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த கிளவுஸ் மேட்டர் நீங்க சொல்லுங்க மேடம். மொதல்ல உங்களாண்டதான வந்து கேட்டேன்."

உண்மைதான். அவள் கேட்டிருந்தாள். பல வாரங்களுக்கு முன்னால் என் மேசைக்கு எதிரே நின்று, கைக்கு அடங்குகிற கையுறை வேண்டும், பெரிது நழுவுகிறது, சூடு படுகிறது என்று சொல்லியிருந்தாள். ஒரே அளவுதான் வருகிறது, கிடங்கில் கேட்டுப் பார் என்று அனுப்பிவிட்டு நான் மறந்துபோனேன். அவள் செட்டரிடம் கேட்டிருக்கிறாள். அவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் செய்யாத வேலையை இன்னொருவர் செய்ததைத்தான் என் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் பரிவுக்குச் சான்றாக எழுதியிருந்தேன்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆமாம், என்னிடம் கேட்டாள் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. என் குரல் மிக நிதானமாக, பதிவேட்டில் எழுதுவதைப் போல இருந்தது. அண்ணன் எழுந்து, வா என்றான். அவள் போனாள். கையுறைகளை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். உள்பக்கம் வெளியே தெரிய, விரல்கள் ஒன்றோடொன்று சுருண்டு கிடந்தன. அவற்றைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது.

அடுத்த வாரம் செட்டர் வந்தார். இரவு வேலை முடிந்து, குளிக்காமல், கண்கள் சிவக்க வந்திருந்தார். என்மேல் கோபப்பட வந்தவர் போலத் தெரியவில்லை. ஒரு தவறைப் பதிவு செய்ய வந்தவர் போல நின்றார்.

"கைன்னு ஒரு வார்த்த உட்டுட்டேன் மேடம். ஒரு கையில கிளவுஸ் போட்டுக்கினு டைப் பண்ணேன், உட்டுப்போச்சு. கை செட் ஆயிடுச்சுன்னுதான் போட்டேன். அன்னிக்கு அந்தப் பொண்ணு தனியா மோல்டு ஏத்துச்சு. நான் தொடவே இல்ல. மூணாவது பீஸே ஓகே. எனக்கே மூணுல வந்ததில்ல. எல்லாருக்கும் தெரியட்டும்னு குரூப்ல போட்டேன்."

பிறகு ஏன் அழித்தீர்கள் என்று கேட்டேன்.

"பூவா வந்து உழுந்துச்சு. பேஜாராப் போச்சு. அழிச்சா சரியாயிடும்னு நெனச்சேன்."

அவர் போனதும் மேலாளரிடம் போய்ச் சொன்னேன். கையுறை, கை, மூன்றாவது பாகம், எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். விடுங்கள், இன்று இல்லாவிட்டால் நாளைக்கு ஆகியிருக்கும், நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். என் குறிப்பைத் திருப்பிக் கேட்டேன். அது நன்றாக இருந்ததால் இன்னொரு பிரிவுக்கும் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். வெளியே வந்து பலகையிலிருந்த வரைபடத்தைக் கிழித்தேன். மறுநாள் காலை அதே இடத்தில் அதே வரைபடம், தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் திருகாணியால் இறுக்கி மாட்டப்பட்டிருந்தது. என் கோடுகளைவிட நேராக இருந்தது.

நான் வேலையை விட்டுவிடவில்லை. இன்னும் எட்டு மாதங்கள் அந்த உறையைக் கடந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அதன் பிறகு வேறொரு சிறு நிறுவனத்தில் இடம் கிடைத்ததும்தான் போனேன்.

அவளை மறுபடி பார்த்தது பொன்னேரி பேருந்து நிலையத்தில், ஒரு நண்பகல் வேளையில். கழுத்தில் மஞ்சள் கயிறு, இளைத்திருந்தாள். நான் ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைத்த அந்தக் கணத்தில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேருந்து வர நேரம் இருந்தது. நான் எதைக் கேட்க வேண்டியிருந்ததோ அதை அவளே, யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் உறவில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கல்யாணம் பேசி முடித்தார்கள். அவரோடு அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேச வேண்டும் என்றதற்கு, பேசித்தானே இவ்வளவும் ஆயிற்று என்றார்களாம். ஒரு காலை, மீன் கூடையோடு போன பெண்களுக்குப் பின்னால் நடந்து பேருந்து ஏறிப் பொன்னேரி ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டாள். எங்கே போவது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் கைபேசியை இரவல் வாங்கினாள். மனப்பாடமாக இருந்த எண் உலகத்தில் ஒன்றுதான். ஏழாம் இயந்திரத்தின் கதவில், பழுதானால் அழைக்க என்று ஒட்டியிருந்த எண் அது. ஆயிரம் முறை கண்ணில் பட்ட எண். செட்டருடையது.

"வந்து நின்னாரு மேடம். அதுவரைக்கும் ஒடம்பு நடுங்கிக்கினே இருந்துச்சு. அவரப் பாத்ததும் நின்னுபோச்சு. அதத்தான் எல்லாரும் லவ்வுன்றாங்க. இருக்கும் போல."

அருகாமை. அடிக்கடி கண்ணில் படுவது. பயத்தில் அடித்துக்கொள்ளும் நெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர். என் குறிப்பில் இருந்த எதுவும் பொய்யாகவில்லை. புத்தகம் சரியாகவே சொல்லியிருந்தது. இல்லாத காதலைத் தடுக்கப் போய், அது உருவாவதற்கு வேண்டிய சூட்டையும் அழுத்தத்தையும் நாங்கள் எண் எண்ணாக வைத்துக் கொடுத்திருந்தோம். என் படிப்பு பொய்த்துப் போயிருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அது பலித்ததுதான் குமட்டியது.

பிறகு செட்டரே அவளுக்குத் தாலி கட்டினார், நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்றாள். அவரும் அந்தத் தொழிற்சாலையை விட்டுவிட்டார். இப்போது வேறு இடத்தில் செட்டர். மருமகளை வேலைக்கு அனுப்பும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. அறுவடைக் காலத்தில் களத்துக்குச் சோறு எடுத்துப் போவாள். அவள் பக்கத்தில் வந்தால் மாமியார் சில சமயம் மூக்கைச் சுளிப்பதாகச் சொன்னாள். "மீன் வாசனையாம். நான் மீனத் தொட்டே ஒரு வருஷம் ஆவுது." இதைச் சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மன்னித்துவிடு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் அதைக் கேட்காதவள் போல, முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி வேறொன்றைச் சொன்னாள்.

"கூப்புடறதுதான் மேடம் கஷ்டமா இருக்குது. பேரு சொல்லக் கூடாதுன்றாங்க. மாமான்னு சொல்ல வாய் வரல. அவசரத்துல அண்ணான்னு வாய் வரைக்கும் வந்துடுது, முழுங்கிடறேன். அவருக்கும் தெரியும் போல. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இப்பல்லாம் எதுவும் சொல்லிக் கூப்புடறதில்ல. பக்கத்துல போயி நிப்பேன், திரும்பிப் பாப்பாரு."

அவளுடைய பேருந்து வந்து நின்றது. எழுந்தவள், ஏறுமுன் திரும்பினாள். அதுவரை சொன்ன எதிலும் இல்லாத ஓர் ஆவல் அவள் முகத்தில் இருந்தது. ஏழாம் இயந்திரம் இருந்த வரிசையில் அவள் நின்றபோது அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏழுல இப்ப யாரு மேடம் செட் பண்றாங்க? எத்தினியாவது பீஸ்ல வருதாம்?"

நீ போன பிறகு எட்டு மாதம் இருந்துவிட்டு நானும் அங்கிருந்து வந்துவிட்டேன் என்றேன். அங்கே இருந்த எட்டு மாதத்தில் தெரிந்திருக்குமே என்பது போலப் பார்த்தாள். தெரியாது என்றேன். அதையும் நான் கேட்டிருக்கவில்லை.